வார்டில் பார்த்ததை எழுதலாமா? கவிதைப் பக்கம் வரும் இளம் மருத்துவர்களுக்கு

தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது, கிருஷ்ணகிரிக்கு 2022-இல். அதனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இப்போது ஹவுஸ் சர்ஜன்களுக்கு, அதாவது படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கு, குறைவில்லை. அவர்களில் எழுத்தாசை உள்ளவர்கள் பேச்சை இப்படித்தான் தொடங்குவார்கள்: "சார், எழுதணும்னு இருக்கு. டைம்தான் இல்ல." நேரம் சின்னப் பிரச்சினை. அதை இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். பெரிய பிரச்சினை வேறு. நீங்கள் எழுத நினைப்பதில் பாதி உங்களுடையது இல்லை. நோயாளி உங்களை நம்பிச் சொன்னது. அதில் எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதில்தான் ஒரு மருத்துவர் மற்ற கவிஞர்களிடமிருந்து வேறுபடுகிறார்.

நேரம்

நாலரை வருடப் படிப்பில் எழுத இடைவெளி கிடைக்கும். அடுத்த ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் காலத்தில் கிடைக்காது. அந்த வருடம் முழுக் கவிதை எழுத முயலாதீர்கள். குறிப்பு எடுத்தால் போதும். நைட் டியூட்டி முடிந்த காலையில் எழுத உட்காரவே வேண்டாம். தூங்காத மூளைக்கு எல்லாமே கவிதையாகத் தெரியும், தூங்கி எழுந்து படித்தால்தான் லட்சணம் புரியும். டியூட்டி நேரத்துக்குள்ளும் வேண்டாம். மருந்தின் அளவை எழுதும் கை அதை மட்டும் எழுதட்டும்.

பிறகு எப்போது? பஸ்ஸில். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு மணி நேரம், ஓசூர் என்றால் இன்னும் கூட. ஜன்னலோர சீட் கிடைத்தால் அதைவிட நல்ல மேசை இந்த வட்டாரத்தில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போஸ்டிங் என்றால் மதியத்துக்கு மேல் ஓ.பி. கூட்டம் குறையும்; குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் அந்த அரை மணி நேரம் தவறாமல் கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கவிதைக்கு ஒதுக்கிவிட்டு அசந்து தூங்குகிறவரைவிட நீங்கள் அதிகம் எழுதிவிடுவீர்கள்.

நோட்டு

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். அது ஏப்ரன் பாக்கெட்டில் இருக்கக் கூடாது, அறையில் இருக்கட்டும். அமெரிக்காவில் ரூதர்ஃபோர்டு என்ற சிற்றூரில் வாழ்நாளெல்லாம் மருத்துவம் பார்த்த கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் (1883–1963), நோயாளிகளுக்கு இடையில் மருந்துச் சீட்டுகளில் வரிகளைக் கிறுக்கி வைப்பார். கேட்க அழகாக இருக்கிறது. நம் ஓ.பி. சீட்டில் நோயாளியின் பெயர், வயது, ஊர் மூன்றும் இருக்கும். அதன் பின்புறம் ஒரு வரி எழுதிப் பையில் போட்டுக்கொண்டால் ஒருவருடைய மருத்துவ விவரம் உங்களோடு டீக்கடைக்கு வந்துவிடும். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே குரல் பதிவு அனுப்பிக்கொள்வதும் அதே ரகம்தான்.

நோட்டில் பெயர் வேண்டாம், ஐ.பி. (உள்நோயாளி) எண் வேண்டாம், படுக்கை எண்ணும் வேண்டாம். அப்புறம் எதை எழுதுவது? கை என்ன செய்தது, செருப்பை எங்கே கழற்றி விட்டார்கள், கட்டிலுக்கு அடியில் எந்தத் தூக்குச்சட்டி இருந்தது, துணைக்கு வந்தவர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று எழுதுங்கள். 'மிகவும் வருத்தமாக இருந்தாள்' என்பது குறிப்பு ஆகாது. 'டிஸ்சார்ஜ் சீட்டை எட்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்' என்பது குறிப்பு. வலியை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள்: 'விண்ணு விண்ணுனு தெறிக்குது', 'மசமசன்னு தெரியுது', 'நெஞ்சுல கல்ல வெச்சாப்ல இருக்குது'. ரவுண்ட்ஸில் சொல்வதற்காக அதையெல்லாம் நீங்கள் வேறு பாஷையில் போட்டுவிடுவீர்கள். இரண்டு நாள் போனால் காதில் கேட்டதே மறந்துபோகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போஸ்டிங் என்றால் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய வருவார்கள். சிஸ்டர் உங்களுக்காகத் தமிழில் சொல்லும் வரை அவர்கள் முகம் எப்படிக் காத்திருக்கிறது என்று கவனியுங்கள். இந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவருக்கு மட்டும் கிடைக்கும் சரக்கு அது.

யாருடைய கதை

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குக் கடும் ஆபத்து, அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் போன்ற சில நிலைமைகள் மட்டும் விலக்கு. அடுத்து, நோயாளியை அடையாளம் காணக்கூடிய வகையில் படமோ நோய் விவரமோ அனுமதி இல்லாமல் எந்த இதழிலும் வரக் கூடாது. மருத்துவ இதழ் மட்டுமல்ல, 'மற்ற இதழ்' என்றும் அந்த விதியில் இருக்கிறது. உங்கள் கவிதை வரும் சிற்றிதழ் அந்த 'மற்ற'வில் சேரும்.

'பெயரைத்தான் போடவில்லையே' என்பீர்கள். சென்னையில் வேண்டுமானால் அது போதும். இங்கே போதாது. 'பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவர், பாம்பு கடித்து, தாலி கட்டிய மறு வாரம்' என்று மூன்று தகவல் வந்துவிட்டால் பெயர் எதற்கு? பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாவே யாரென்று சொல்லிவிடுவார். ஆகவே தொழில், ஊர், நோய், உறவு, நாள் என்ற ஐந்தில் கவிதைக்கு உயிரான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு சோதனை: அந்த நோயாளியின் தங்கை இந்தக் கவிதையைப் படித்தால் 'இது எங்க அண்ணன்' என்பாரா? என்பார் என்றால் கவிதை இன்னும் முடியவில்லை.

அனுமதி கேட்டால் என்ன? கேட்கலாம், ஆனால் படுக்கையில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். நாளைக்கு அவருக்கு ஊசி போடப் போவது நீங்கள்தான். உங்களிடம் அவரால் 'வேணாம் சார்' என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் ஆகி, உங்களால் இனி அவருக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்ற நிலையில் கேட்டால்தான் அது அனுமதி. எழுதியதைப் படித்தும் காட்ட வேண்டும். இவ்வளவுக்குத் தயாரில்லை என்றால் ஆளையே மாற்றி எழுதுவது மேல்.

சில விஷயங்களைத் தொடவே கூடாது. போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குழந்தைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோரின் அடையாளம் வெளிப்பட்டால் அது குற்றம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை ரகசியமாகப் பாதுகாக்க 2017-இல் சட்டம் வந்தது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. அடிதடி, விபத்து என்று போலீஸ் வழக்காகும் எம்.எல்.சி. கேஸ்கள் இன்னொரு வகை. காயச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட நீங்கள் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கலாம். அன்றைக்கு எதிர்தரப்பு வக்கீல் உங்கள் கவிதையை எடுத்து வாசித்தால் கைதட்டு விழாது.

பெண் சிசுக்கொலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கிப் பிறகு தருமபுரிக்கும் வந்தது. இந்த மண்ணில் அந்தப் புண் பழையது. வெளியூரிலிருந்து பிரசவ வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன் முதல் வாரத்திலேயே அதைப் பற்றி ஒரு கவிதை எழுதிவிடத் துடிப்பார். ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம், கவிதையும் கோபமாக நன்றாகவே வரும். ஆனால் அந்தத் தாய்க்கு அந்த வீட்டில் என்ன அதிகாரம் இருந்தது என்று தெரியாமல் எழுதிய வரி தீர்ப்பாகத்தான் இருக்கும். கிராம செவிலியர்கள் பேசுவதைக் கொஞ்ச காலம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மரணத்தைச் சுடச்சுட எழுதி ஆஸ்பத்திரி குரூப்பில் போடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. அது வேண்டாம். ஒரு மாங்காய்ப் பருவத்தில் பார்த்ததை அடுத்த பருவத்துக்கு எழுதுங்கள். அதற்குள் தேதியும் முகமும் தேய்ந்து, எது உங்களை விடாமல் பிடித்துக்கொண்டதோ அது மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஒரு கவிதையைச் செய்து பார்ப்போம்

இந்த இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். அதற்கு மேல் போனால் பல்லில் காவிக்கறை விழும், காலப்போக்கில் எலும்பும் இறுகும். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது இதற்காகத்தான். ஓ.பி.யில் உட்கார்ந்தால் பழைய தண்ணீரின் கதையை வயதானவர்களின் பல்லில் படிக்கலாம்.

கீழே வருவது இந்தக் கட்டுரைக்காகவே கட்டியது, இதற்குப் பின்னால் எந்த நோயாளியும் இல்லை. முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

ஓ தாயே!
உன் கறைபடிந்த பற்கள்
என் இதயத்தை
ஈட்டியாய்க் குத்துகின்றன!
யார் செய்த பாவம் இது?

இதில் தாய் எங்கே? மருத்துவரின் இதயம்தான் இருக்கிறது. நோட்டில் என்ன குறித்தோம் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்:

சிரிக்கச் சொன்னேன்.
முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டு
கண்ணால் சிரித்தாள்.
ஊர்க் கிணறு பல்லில் எழுதியதை
நான் ஏற்கெனவே
படித்துவிட்டிருந்தேன்.

முதல் மூன்று வரி நிற்கிறது. பின் மூன்று வரியில் மருத்துவர் மறுபடி உள்ளே நுழைந்து தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறார். நம் தொழிலில் இந்த நோய் அதிகம். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த மூன்றையும் வெட்டிவிட்டு என்ன வைப்பது? மேசையில் அவள் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் பளிங்குபோல் இருந்தது என்று முடிக்கத் தோன்றும். ஃபுளோரைடுக்கு நிறமும் மணமும் இல்லை என்பதால் பார்வைக்குப் பொருத்தம்தான். ஆனால் மருத்துவம் தெரிந்தவர் ஒருவர் படித்தால் சிரிப்பார்: நிலைப்பற்கள் உள்ளே உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீர் விட்ட கறைக்கு இன்றைய பாட்டிலை எப்படிச் சாட்சி சொல்ல வைப்பது? மருத்துவர் எழுதும் கவிதையில் மருத்துவம் பிசகக் கூடாது. ஆகவே:

சிரிக்கச் சொன்னேன்.
முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டு
கண்ணால் சிரித்தாள்.
மடியில்
பல் முளைக்காத பேத்தி
வாய் முழுக்கத் திறந்து.

ஃபுளோரைடு என்ற பெயரே வரவில்லை. பேத்தியின் பல் என்ன நிறத்தில் முளைக்கும் என்ற கேள்வியை வாசகர் கேட்டுக்கொள்வார். யாரென்று அடையாளம் காணவும் இதில் ஒன்றும் இல்லை. பாட்டிகள் எல்லோரும் முந்தானையை இழுத்துக்கொள்கிறவர்கள்தான். பாருங்கள், நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்றச் செய்த வெட்டும், கவிதைக்காகச் செய்த வெட்டும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் விழும்.

என்ன படிப்பது

பாடப் புத்தகம் போதாதா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், சிறியதாகப் படியுங்கள். குறுந்தொகைப் பாடல்கள் நாலு முதல் எட்டு அடி. உரையோடு நாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குச் சற்று மேல் ஓடும். குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் குறளில் ஒரு மருந்தின் பெயர்கூட வராது. சித்த மருத்துவ நூல்களே பாட்டாக இருந்தவைதான், மனப்பாடம் செய்ய வசதியாக.

சங்கக் கவிஞர்களில் ஒருவரின் பெயரே உறையூர் மருத்துவன் தாமோதரனார். புறநானூற்றின் 60-ஆம் பாடலில் அவர் முழுநிலவைப் பார்க்கிறார், கடல் நடுவே மீன்படகின் விளக்கு வருகிறது, உப்பு வண்டியைப் பள்ளத்திலிருந்து இழுத்தேற்றும் மாடு வருகிறது, சோழனின் வெண்குடை வருகிறது. மருந்து வாடையே இல்லை. மருத்துவர் என்பதால் ஆஸ்பத்திரிக் கவிதைதான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்தது தெருக்கூத்தாக இருந்தால் அதை எழுதுங்கள்.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. சிறையில் தொழுநோய் பிடித்து, அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடை விதிக்கப்பட்டு, ஊர் ஊராக நடந்தே போனவர். 'ஞானபானு' இதழை நடத்திய எழுத்தாளர். 1925 ஜூலை 23-இல் அங்கேதான் இறந்தார். நோயாளிக்கும் பேனா உண்டு என்பது மருத்துவர்களுக்கு அடிக்கடி மறந்துபோகும்.

சுருக்கம் பழக வேண்டும் என்றால் நடுகற்கள், சண்டையில் விழுந்த வீரர்களுக்கு நட்ட கற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கலாம். எந்த அரசன், எந்த ஆண்டு, யார், எந்தச் சண்டையில் விழுந்தான் என்பதோடு கல்லெழுத்து நின்றுவிடும். செதுக்கியவனுக்கு உளி வலித்திருக்கும். நமக்குக் கீபோர்டு வலிப்பதில்லை, அதனால்தான் நீள்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அதியமானின் நெல்லிக்கனியையும் ஒகேனக்கல் அருவியையும் முதல் சில வருடங்களுக்குத் தொடாதீர்கள். இந்த ஊர்க் கவியரங்குகளில் அவை இரண்டும் ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கின்றன.

கவிதை மருந்தாகாது

மனபாரத்தை இறக்கி வைக்க எழுதுகிறேன் என்பார்கள். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வார்டுக்குப் போகவே கால் வராத நிலையில் நோட்டை நம்பி உட்காராதீர்கள். யூனிட்டில் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ சொல்லுங்கள், மனநலத் துறைக்குப் போங்கள். தெரிந்தவர்களிடம் பேசக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

வெளியே கொண்டுவருவது

முதலில் மருத்துவர் அல்லாத இரண்டு பேரிடம் காட்டுங்கள். சக மருத்துவர்கள் நாகரிகத்துக்காகப் பாராட்டுவார்கள், இல்லாவிட்டால் 'இதுக்கெல்லாம் எப்படிடா டைம் கிடைக்குது' என்பார்கள். இரண்டும் உதவாது. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊர்களிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பேசுவதற்குப் போவதைவிட, எந்தக் கவிதைப் புத்தகத்தை யார் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று நின்று கவனிப்பது பிரயோசனம். பிறகு இதழ்களுக்கு அனுப்புங்கள். ஒரு தடவைக்கு நாலைந்து கவிதை போதும், ஒரே கவிதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். புத்தகம் போடுவதற்கும் ராயல்டி வாங்குவதற்கும் முன்னால் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து இல்லை, படுக்கை இல்லை என்று உங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கவிதை எழுதுவதற்கு முன் அந்த விதிகளை ஒருமுறை முழுதாகப் படிப்பது நல்லது. புனைபெயர் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். இந்த அளவு ஊரில் புனைபெயரின் ஆயுள் ஒரு டீ குடிக்கும் நேரம்.

தனியார் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. நோயாளிகளை ஈர்க்கும் விளம்பரத்தை அதே 2002 விதிமுறைகள் தடுக்கின்றன. ஆகவே பின்னட்டையில் கிளினிக் பெயர், பார்வை நேரம், போன் நம்பர் எதுவும் வேண்டாம். முன்னட்டையில் 'டாக்டர்' பட்டமும் வேண்டாம் என்பது என் கட்சி, கவிதைக்கு எம்.பி.பி.எஸ். ஒரு தகுதியும் இல்லை.

தொகுப்புக்கு அவசரம் கூடாது. ஐம்பது கவிதை சேர்ந்ததும் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடி ஐம்பது சேரும் வரை பொறுங்கள். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஐந்து ஃபாரம், அதாவது 80 பக்கம், முதல் தொகுப்புக்குத் தாராளம். ஆசிரியரே இத்தனை பிரதி வாங்க வேண்டும் என்று பதிப்பகம் கேட்டால் எத்தனை, என்ன தள்ளுபடி, மீதிப் பிரதி யாரிடம் இருக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். மருத்துவர் என்றால் பணம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். காப்புரிமை உங்களிடமே இருக்கட்டும்.

புத்தகம் வந்த பிறகு கிளினிக் மேசையில் அடுக்கி வைக்காதீர்கள். காய்ச்சலோடு வந்தவர் மரியாதைக்காக ஒன்று வாங்கிப் போவார், அந்த விற்பனை உங்களுக்கு வேண்டாம். நூலகங்களுக்குப் புத்தகம் ஒப்படைப்பது குறித்த 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேளுங்கள். மாவட்ட மைய நூலகத்துக்கு நீங்களே ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.